ஸ்டாண்ட்-ஆன் என்றால் நிற்பது அல்ல

சின்னப் படகு ஓட்டுகிறவர்களுக்காக அச்சடித்த ஒரு தமிழ்க் கையேட்டைப் போன வாரம் புரட்டிக்கொண்டிருந்தேன். இரவில் மோதலைத் தவிர்ப்பது பற்றிய பக்கத்தில் ஒரு வரி: "வழியுரிமை உள்ள நிற்கும் கப்பலுக்கு மற்றக் கப்பல் வழிவிட வேண்டும்." பக்கத்தில் இருந்த மச்சான் கடலுக்குப் போகிறவர். வாசித்துவிட்டு, "நிக்கிற கப்பல்னா நங்கூரம் போட்டதா?" என்றார். அந்த வரியை வாசிக்கிற யாரும் அப்படித்தான் கேட்பார்கள். ஒரே வரியில் மூன்று தப்பு. வழியுரிமை தப்பு, நிற்கும் தப்பு, கப்பலும் தப்பு.

அந்த 'நிற்கும் கப்பல்', ஆங்கிலத்து ஸ்டாண்ட்-ஆன் வெஸல் என்பதன் மொழிபெயர்ப்பு. ஸ்டாண்ட்-ஆன் என்பது பாய்மரக் காலத்து மாலுமிப் பேச்சு. அங்கே ஸ்டாண்ட் என்றால் ஒரு திசையைப் பிடித்து அப்படியே போவது. கரையை நோக்கியும் ஸ்டாண்ட் பண்ணுவார்கள், கடலை நோக்கியும் பண்ணுவார்கள், கலம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். 1972இல் உருவாகி 1977 ஜூலை 15 முதல் அமலில் உள்ள சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் இந்தச் சொல்லுக்கு கிவ்-வே என்று ஒரு ஜோடி உண்டு. மோதல் ஆபத்து வரும்போது கிவ்-வே கலம் விலக வேண்டும், ஸ்டாண்ட்-ஆன் கலம் போகிற திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். சொல் வரலாறு இவ்வளவுதான்.

இனி 'நிற்கும்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியில் ஸ்டாண்ட் என்று தேடி நில் என்று போட்டுவிட்டார்கள். சரி, நீங்கள் அதை நம்பி இருட்டில் எஞ்சினை அணைத்து நிற்கிறீர்கள் என்று வையுங்கள். எதிராளி உங்கள் வேகத்தைக் கணக்கிட்டு, நீங்கள் தாண்டிப் போய்விடுவீர்கள், உங்கள் அமரத்துக்கு, அதாவது பின்முனைக்குப் பின்னால் போய்விடலாம் என்று சுக்கானைத் திருப்பியிருப்பார். அவர் வருகிற இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். மொழிபெயர்ப்பாளர் ஒரு தடவை இரவில் வள்ளத்தில் ஏறியிருந்தால் இந்தச் சொல் அச்சாகியிருக்காது.

'வழியுரிமை' இதைவிட மோசம், ஏனென்றால் கேட்க நன்றாக இருக்கிறது, நல்ல தமிழாகவும் தெரிகிறது. ரைட் ஆப் வே என்று ஆங்கிலத்தில் ஆட்கள் சொல்வது உண்மை, ஆனால் அந்தச் சர்வதேச விதிகளில் அப்படி யாருக்கும் உரிமை எழுதிக் கொடுக்கவில்லை. இருவருக்கும் கடமைதான், விலகுவது ஒருவர் கடமை, போக்கை மாற்றாமல் இருப்பது மற்றவர் கடமை. முன்பு ஆங்கிலத்திலும் சலுகை பெற்ற கலம், கடமைச் சுமை ஏற்ற கலம் என்று பேசிய காலம் உண்டு. விதிகளில் இப்போது அந்த வார்த்தைகள் இல்லை. அவர்கள் விட்டுவிட்டதை நாம் உரிமை என்று பெயர் வைத்துத் திரும்பக் கொண்டுவருகிறோம்.

உரிமை என்ற சொல் மனதில் விழுந்தால் என்ன ஆகும்? இரவில் உங்கள் வலப்பக்கம் வேறொரு கலத்தின் இடப்பக்கச் சிவப்பு விளக்கு, நேரம் போகப் போக அதே திசையிலேயே நின்று வெளிச்சம் மட்டும் கூடிக்கொண்டே வருகிறது. அது மோதப் போகிறது என்று அர்த்தம். இரண்டும் எஞ்சினில் ஓடும் சாதாரணக் கலங்கள் என்றால் நீங்கள்தான் விலக வேண்டும். அதே நேரத்தில் அந்தக் கலத்தை ஓட்டுகிறவருக்குத் தெரிவது உங்கள் வலப்பக்கப் பச்சை விளக்கு. சாலை சிக்னல் பழகிய கண்ணுக்குப் பச்சை என்றால் போகலாம், அதோடு கையேடும் உனக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. ஆனால் 17ஆம் விதி சொல்வது வேறு. மற்றவர் விலகவில்லை என்று தெரிந்ததும் ஸ்டாண்ட்-ஆன் கலம் தானே விலகலாம். அவர் மட்டும் விலகி மோதலைத் தடுக்க முடியாது என்கிற அளவுக்கு நெருங்கிவிட்டால், விலகியே ஆக வேண்டும். சந்தேகம் வந்த உடனே, 34ஆம் விதிப்படி, ஐந்து முறையாவது குட்டிக் குட்டியாக, வேகமாக ஹாரன் அடிக்க வேண்டும். இதில் உரிமை எங்கே இருக்கிறது?

2017 ஜூன் 17 நள்ளிரவு தாண்டி, ஜப்பான் கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் பிட்ஸ்ஜெரால்டும் ஏசிஎக்ஸ் கிரிஸ்டல் என்ற சரக்குக் கப்பலும் மோதின. சரக்குக் கப்பல் வலப்பக்கம் வந்தது, விலகியிருக்க வேண்டியது போர்க்கப்பல். ஆனால் கடைசி நேரம் வரை இரண்டுமே உருப்படியாக எதுவும் செய்யவில்லை. ஏழு மாலுமிகள் இறந்தார்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் பொறுப்பு பெரும்பாலும் ஒரே பக்கம் போய் விழுவதில்லை. 1910இல் பிரஸ்ஸல்ஸில் ஏற்பட்ட ஒப்பந்தத்திலிருந்தே, இரு தரப்பும் தவறு செய்திருந்தால் அவரவர் தவறின் அளவுக்கு நட்டத்தைப் பிரிப்பதுதான் பல நாடுகளில் முறை. எனக்கு வழியுரிமை இருந்தது என்று நீதிமன்றத்தில் போய்ச் சொன்னால், விளக்கைப் பார்த்தீர்களே, நீங்கள் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

அப்புறம் கப்பல். அந்த விதிகள் வெஸல் என்று சொல்வது துடுப்பு போடும் ஓடத்தையும் சேர்த்துத்தான். துடுப்புப் படகுக்குக்கூட, கையில் ஒரு டார்ச்சோ லாந்தரோ தயாராக வைத்து மோதுவதற்கு முன்னால் காட்டு என்று தனியாக எழுதியிருக்கிறது. அதைக் கப்பல் என்று மொழிபெயர்த்தால் வள்ளக்காரர் இது நமக்கில்லை என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். கலம் என்ற நல்ல பழைய சொல் நம்மிடம் இருக்கும்போது ஏன் இந்தப் பஞ்சம்?

கிவ்-வேக்கு விலகும் கலம் என்பதே போதும். ஸ்டாண்ட்-ஆனுக்குத் தனித்தமிழ் நண்பர் ஒருவர் நிலைசெல் கலம் என்று செய்து தந்தார். அழகாக இருக்கிறது, ஆனால் கரையில் யாருக்கும் விளங்காது, நிலை என்றதும் மறுபடி நிற்பதற்கே போய்விடும். போக்கு மாறாக் கலம் என்று நானே கொஞ்ச நாள் எழுதினேன். மாறாத என்றால் என்றைக்கும் மாறாதது என்று ஆகிறது, 17ஆம் விதிக்கு நேர்மாறு. இப்போது நான் எழுதுவது போக்குக் காக்கும் கலம். காக்கிற வரை காக்கலாம், முடியாதபோது கைவிடலாம். நீளம்தான், இருக்கட்டும்.

கையேட்டைத் தயாரித்தவருக்கு இதையெல்லாம் விளக்கி ஒரு கடிதம் எழுதினேன். நன்றி சொல்லி, அடுத்த பதிப்பில் திருத்திவிடுவதாகப் பதில் போட்டார். திருத்திய வரியையும் அனுப்பியிருந்தார். 'நிற்கும் கப்பல்' போய் 'காத்திருக்கும் கப்பல்' வந்திருக்கிறது.