பொறுப்புக்கூறல்: பள்ளிக்கூடத்திடம் கணக்குக் கேட்கும் சொல்

'அக்கவுண்டபிலிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் 'அக்கவுண்ட்' இருக்கிறது, அதாவது கணக்கு. அதன் மூலம் எண்ணுதலைக் குறிக்கும் 'கம்ப்யூட்டாரே' என்ற லத்தீன் சொல். கம்ப்யூட்டரும் அதே வேரில் பிறந்ததுதான். பழைய பிரெஞ்சு வழியாக வந்தபோது எண்ணுவதோடு எடுத்துச் சொல்வதும் பொருளில் சேர்ந்துகொண்டது. கடைக்கு அனுப்பிய பிள்ளையிடம் "மீதிக் காசுக்குக் கணக்குச் சொல்லு" என்கிறோமே, அதேதான்.

பள்ளிக்கூடத்தை நோக்கி இந்தச் சொல்லை அதிகம் வீசிய நாடு அமெரிக்கா. அங்கே அரசுப் பள்ளிகள் மாநிலங்களின் பொறுப்பு. புளோரிடா 1999 முதல் பள்ளிகளுக்கே ஏ, பி, சி என்று கிரேடு போடுகிறது. 2002 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டம் 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வைக் கட்டாயமாக்கியது. ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் எனத் தனித்தனியாக முடிவைக் காட்டவும் சொன்னது. பள்ளியின் சராசரிக்குப் பின்னால் மறைந்து கிடந்த பிள்ளைகள் அதனால்தான் கண்ணில் பட்டார்கள். அந்தச் சட்டத்தில் ஆகச் சிறந்த பகுதி அது என்பேன்.

ஆனால் 2014க்குள் எல்லோரும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற இலக்கு எட்டாக்கனி. அட்லாண்டா நகரில், மதிப்பெண்ணை உயர்த்திக் காட்ட, ஆசிரியர்கள் மாணவரின் விடைத்தாளில் தவறான விடையை ரப்பரால் அழித்துச் சரியானதை நிரப்பினார்கள். அழித்த தடங்கள் அளவுக்கு மீறி இருந்ததே காட்டிக்கொடுத்தது. 2011இல் வந்த விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 பேர் சிக்கினார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளை தாளில் தேறிவிட்டது. அதற்குக் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போயிற்று. எனக்கு ஆறாத இடம் இதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பொறுப்பு' போதாது, அது ஒருவர் சுமப்பது. 'பொறுப்புடைமை' தமிழ்நாட்டில் புழங்குகிறது, ஆனால் அதில் பதில் சொல்லும் வேலை இல்லை. இலங்கைத் தமிழர் போர்க்கால மீறல்களுக்கு நீதி கேட்டு அன்றாடம் எழுதும் 'பொறுப்புக்கூறல்' கச்சிதம்: கூறு என்ற வினை அதற்குள்ளேயே இருக்கிறது, யாருக்குக் கூறுவது என்ற கேள்வியையும் அது இழுத்து வருகிறது. கணக்கையும் விட்டுவிட வேண்டாம். பழந்தமிழில் ஆசிரியருக்கே 'கணக்காயர்' என்று பெயர். நக்கீரர் மதுரைக் கணக்காயனாரின் மகன்.

அமெரிக்காவில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2015இல் வந்த புதிய சட்டம், ஏழைப் பிள்ளைகளுக்கான மத்திய அரசு நிதி பெறும் பள்ளிகளில் மிகப் பின்தங்கிய 5 விழுக்காட்டையாவது அடையாளம் கண்டு கைகொடுக்கும்படி மாநிலங்களுக்குச் சொல்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவாகிறது என்பதையும் வெளியிட வேண்டும். இப்போது பள்ளி மாநிலத்துக்கு மதிப்பெண் கணக்குச் சொல்கிறது, மாநிலம் பெற்றோருக்குப் பணக் கணக்குச் சொல்கிறது. இரண்டுமே பொறுப்புக்கூறல்தான்.