ஓடிபி சொல்லலையே தம்பி, அப்புறம் எப்படி காசு போச்சு?

இந்த மாசமும் ஒருத்தர் வந்துட்டாரு. ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம் ஊரு பக்கம் கருவாட்டு யாவாரம், பாம்பன் தங்கச்சிமடத்துல சரக்கு எடுத்து வெளியூருக்கு போடுறவரு. கரண்ட் அக்கவுண்ட்ல சரக்குக்குன்னு வச்சிருந்த காசு மொத்தமும் சனிக்கிழமை ராத்திரி போயிருக்கு. ஞாயித்துக்கிழமை பேங்க் லீவுன்னு வீட்டுலயே இருந்துட்டு, திங்கக்கிழமை பேங்குக்கு போயி மேனேஜருக்காக காத்திருந்து, அதுக்கப்புறம் போன தூக்கிட்டு என் சர்வீஸ் கடைக்கு வர்றாரு. வந்ததும் கேட்ட மொத கேள்விதான் மேல தலைப்புல இருக்கு.

இந்தக் கேள்விய கேட்டு கேட்டு எனக்கு அலுத்துப் போச்சு. ஓடிபிய யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு ஊரு பூரா சொன்னதுல, வாய விட்டு சொன்னாத்தான் காசு போகும்னு ஜனங்க முடிவே பண்ணிட்டாங்க. அப்படி இல்லண்ணே. அவரு போன்ல நடந்தது என்னன்னா, வாட்ஸ்அப்ல டிராபிக் சலான்னு ஒரு பைல் வந்திருக்கு, அனுப்புனது தெரியாத ஆளு கூட இல்ல, வழக்கமா இவருக்கு ஐஸ் போடுறவரு நம்பர். லோடு வண்டிக்கு பைன் விழுந்திருக்கும் போலன்னு தொட்டுட்டாரு. அது போட்டோ இல்ல பிடிஎப்பும் இல்ல, ஏபிகே, அதாவது போன்ல ஏத்துற ஆப்பு (செயலி). மெசேஜ் படிக்க அனுமதி கேட்டுச்சு, குடுத்துட்டாரு. சலான் பாக்க ஒரு ரூபா கட்டுங்கன்னு ஏடிஎம் கார்டு நம்பர், பின் எல்லாம் கேட்டுச்சு, அதையும் போட்டுட்டாரு. முடிஞ்சுது. இனிமே ஓடிபி வந்தா அவருக்கு முன்னாடி அந்தத் திருடனுக்கு போயிடும், இவரு வாயே தெறக்க வேண்டாம். கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு ஆள உக்கார வச்சு, வர்ற தபாலையெல்லாம் நீயே பிரிச்சு படிச்சுக்கன்னு சொன்ன மாதிரிதான் அந்த அனுமதி.

இதோட நிக்கல. வாட்ஸ்அப்ப வேற போனுக்கு மாத்துறதுக்கும் ஓடிபி எஸ்எம்எஸ்லதான வருது, அதையும் எடுத்து இவரு நம்பர்லயே உள்ள நுழைஞ்சு அதே பைல இவரு கஸ்டமர் அம்புட்டு பேருக்கும் அனுப்பிட்டான். ஐஸ்காரர் நம்பர்ல இருந்து இவருக்கு வந்ததும் அப்படித்தான். அதனால தெரிஞ்சவர் அனுப்புனாருங்கிறது ஒரு பாதுகாப்பே கிடையாது, இத தயவு செஞ்சு மனசுல ஏத்துங்க. ஆர்டிஓ, பேங்க், கரண்ட் பில்லு, மானியம், மீன்பிடி தடைக்கால நிவாரணம்னு எந்தப் பேர்ல வந்தாலும் சரி, வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகே எதையும் தொடாதீங்க. ஆப்பு வேணும்னா பிளே ஸ்டோர்ல தேடி எடுங்க.

அடுத்தது அந்த நம்பர் விஷயம். விசிட்டிங் கார்டுல, போர்டுல, வண்டியில, கூகுள் மேப்ல எல்லாம் போட்டிருக்க அதே நம்பர்தான் கரண்ட் அக்கவுண்டுக்கும் குடுத்திருக்கீங்க, அந்த போன்லதான் பையன் கேமும் விளையாடுறான், கடைப் பையன் ஆர்டரும் பாக்குறான். ஏன்? ஒரு தனி சிம் வாங்கி பட்டன் போன்ல போட்டு வீட்டுல வைங்க, பேங்குல எழுதிக்குடுத்து கரண்ட் அக்கவுண்டுக்கு அந்த நம்பர மாத்துங்க, நெட் பேங்கிங் ஓடிபி எல்லாம் அதுல வரட்டும். பட்டன் போன்ல ஏபிகே ஏறாது. கடையில ஜிபே போன்பே ஓடுறதுக்கு வேற ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட வச்சுக்கிட்டு, அதுல அன்னன்னைக்கு தேவையான காச மட்டும் விடுங்க. என்கிட்ட வர்றவங்க எல்லார்கிட்டயும் இத சொல்றேன், செஞ்சவங்க ரொம்ப கொஞ்சம் பேருதான்.

கம்ப்யூட்டருக்கு வருவோம். கணக்கு எழுதுற டாலி சாப்ட்வேர காசு குடுக்காம திருட்டுத்தனமா ஓட்டுற கிராக் போட்டுக் குடுங்கன்னு என்கிட்ட கேக்காதீங்க. அந்த கிராக் போடணும்னா மொதல்ல ஆன்டிவைரஸ ஆப் பண்ண சொல்லும், ஏன் சொல்லுதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. வைரஸ் ஏறி பைல் எல்லாம் பூட்டிக்கிச்சு, பணம் கேட்டு மெசேஜ் நிக்குதுன்னு கொண்டு வர்ற சிஸ்டம்ல பேக்கப் எங்கன்னு கேட்டா டி டிரைவ்ல இருக்குங்கிறாங்க. அதே கம்ப்யூட்டர்ல இருந்தா அது பேக்கப்பே இல்லங்க, அதையும் சேத்துதான் பூட்டும். ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்க, வாரம் ஒரு தடவ காப்பி எடுத்து வயர கழட்டி வீட்டுக்கு கொண்டு போங்க. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர்லயே முடிஞ்சு போச்சு, இன்னும் அதுலயே ஜிஎஸ்டி போடுறவங்க சிஸ்டத்த கொண்டு வந்து காட்டுங்க, 11 ஏறுமா ஏறாதான்னு பாத்து சொல்றேன்.

நண்டு கம்பெனி, முண்டு மிளகா ஏவாரம்னு மெயில்ல பில்லு போறவங்களுக்கு ஒண்ணு. அக்கவுண்ட் மாறிடுச்சு இனிமே புது நம்பருக்கு போடுங்கன்னு மெயில் வந்தா, மெயில்ல இருக்க நம்பருக்கு போன் அடிக்காதீங்க, உங்ககிட்ட முன்னாடியே இருக்க பழைய நம்பருக்கு அடிச்சு, தெரிஞ்ச குரல்ல கேட்டுட்டு போடுங்க. கீழக்கரையில ஒரு காக்கா, அதாவது அண்ணன், இப்படி கேட்டதாலதான் ஒரு பெரிய பேமெண்ட் தப்பிச்சுது.

ராமேஸ்வரத்துல இன்னொண்ணு நடக்குது. அவசரமா கேஷ் வேணும், உங்களுக்கு ஜிபே பண்ணிடுறேன்னு வெளியூர் ஆளு கடையில வந்து கேப்பான். பாவம், யாத்திரைக்கு வந்தவருன்னு குடுக்கிறோம். அவன் அனுப்புற காசு வேற எங்கயோ ஏமாத்துன காசா இருந்தா, புகார் வந்ததும் உங்க அக்கவுண்ட முடக்கிடுவாங்க, எடுக்குறதுக்கு அலையணும். தெரியாதவங்களுக்கு ஜிபேக்கு கேஷ் குடுக்காதீங்க. கமிஷன் தர்றேன் அக்கவுண்ட் குடுன்னு எவனாவது கேட்டா அந்தப் பக்கமே போகாதீங்க, போலீஸ் கேஸ் உங்க பேர்லதான் வரும். லாட்ஜ்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள், ரூம் போட வர்றவங்க ஆதார் போட்டோவ ரிசப்ஷன் வாட்ஸ்அப்ல வருஷக்கணக்கா குமிச்சு வைக்காதீங்க, நம்பி குடுத்த குடும்பங்களோட ஆதார் அது.

கடைசியா, காசு போயிடுச்சுன்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே சைபர் கிரைம் புகார் நம்பர் 1930க்கு அடிங்க, ஞாயித்துக்கிழமையானாலும் ராத்திரியானாலும் அடிங்க. போன காசு ஒரு அக்கவுண்ட்ல இருந்து இன்னொண்ணுக்கு தாவிக்கிட்டே இருக்கும், வெளிய எடுக்குறதுக்குள்ள புகார் போனாத்தான் நிறுத்தி வைக்க முடியும். கையோட பேங்க் கஸ்டமர் கேருக்கும் சொல்லி புகார் நம்பர் வாங்கிக்கிடுங்க. ரிசர்வ் பேங்க் 2017ல போட்ட விதிப்படி நம்ம கவனக்குறைவுல போனாலும், நாம பேங்குல தெரிவிச்ச பிறகு போற காசுக்கு பேங்குதான் பொறுப்பு, அதுக்கு முன்னாடி போனது நம்ம தலையில. கருவாட்டுக்கடைக்காரர் வீட்டுல உக்காந்திருந்த அந்த ஞாயித்துக்கிழமைக்கு என்ன விலைன்னு இப்ப புரியும்.

அந்த ஏபிகேய தொட்டுட்டீங்கன்னு சந்தேகம் வந்தா மொதல்ல நெட்ட ஆப் பண்ணி சிம்ம கழட்டுங்க, வேற போன்ல இருந்து பேங்குக்கு சொல்லுங்க, அப்புறம் என்கிட்டயோ உங்க ஊர்ல இருக்க சர்வீஸ் கடைக்கோ கொண்டு போங்க. இன்னைக்கு கடை சாத்துறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைஸ்னு இருக்கும், அத தெறந்து பாத்து உங்களோடது இல்லாதத லாக் அவுட் பண்ணுங்க, டூ ஸ்டெப் வெரிபிகேஷன்ல ஆறு நம்பர் பின்னு ஒண்ணு போட்டு வைங்க, உங்க பொறந்த தேதி வேண்டாம்.