உலாவிக்குள் ஓர் எழுத்தர்

ஒரு நிறுவனத்தின் புகார்ப் படிவத்தில் வாடிக்கையாளர் ஒருவர் கோபத்தோடு நான்கு வரிகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்கிறார். பெட்டிக்குக் கீழே ‘திருத்தி எழுது’ என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் அந்த வரிகள் வழக்கமாக இணையதளத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து ஏதேனும் ஒரு செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் தரவு மையத்துக்குப் போய், மெருகேறித் திரும்பி வரும். ஒவ்வோர் அழுத்தலுக்கும் தளத்தை நடத்துபவர் கட்டணம் செலுத்துவார். வாடிக்கையாளரின் சொற்களோ இரண்டு அந்நியக் கணினிகளைக் கடந்திருக்கும். இந்தப் பயணத்தையே இல்லாமல் செய்துவிடலாம் என்பதுதான், 2024 மே மாதம் கூகுள் தன் நிரலர் மாநாட்டில் முன்வைத்த திட்டம். ஜெமினி நானோ என்ற சிறிய மொழி மாதிரியை, அதாவது உரை எழுதும் செயற்கை நுண்ணறிவை, க்ரோம் உலாவியே கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும். இணையதளங்கள் அதை அழைத்துப் பயன்படுத்தும்.

தரவு மையத்தில் இருக்க வேண்டிய ஒன்று மடிக்கணினியில் எப்படி அடங்குகிறது? 2023 டிசம்பரில் வெளியான ஜெமினி தொழில்நுட்ப அறிக்கை நானோவுக்கு 180 கோடி, 325 கோடி என இரண்டு அளவுகளைக் குறிப்பிடுகிறது. இவை மாதிரிக்குள் இருக்கும் எடைகளின், அதாவது பயிற்சியின்போது படிந்த எண்களின் எண்ணிக்கை. ஓர் எண்ணை 16 பிட்டுகளில் வைத்தால் பெரிய நானோவுக்கு 6.5 ஜிபி தேவைப்படும். ஒவ்வோர் எண்ணின் துல்லியத்தையும் குறைத்து 4 பிட்டுகளில் அடக்கினால் ஏறத்தாழ 1.6 ஜிபி போதும். எழுத்தின் தரம் சற்றுக் குறையும். ஆனால் ஒரு புகாரைப் பணிவாக்கித் தருவதற்கு அது தாங்கும்.

இட நெருக்கடி தீர்ந்தாலும் வேகம் என்ற சிக்கல் நிற்கிறது. மொழி மாதிரி டோக்கன் டோக்கனாக, அதாவது சொல்லின் சிறு துண்டுகளாகவே எழுதும். ஒவ்வொரு துண்டுக்கும் அந்த 1.6 ஜிபி எடைகளையும் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்தாக வேண்டும். இரட்டைத் தடத்தில் இயங்கும் டிடிஆர்4-3200 என்ற வகை ரேம் நினைவகம் நொடிக்கு அதிகபட்சம் 51.2 ஜிபி தரும். ஆகவே கணக்குப்படி நொடிக்கு முப்பது துண்டுகளுக்குச் சற்று மேல்தான் எட்ட முடியும். நடைமுறையில் அதுவும் கிடைப்பது அரிது. கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் பொதுவாக இதைவிடப் பல மடங்கு வேகமானது. க்ரோம் 4 ஜிபிக்கு மேற்பட்ட கிராபிக்ஸ் நினைவகத்தை முதலில் நிபந்தனையாக்கியதன் பின்னணி இதிலிருந்து விளங்கும். பின்னர் 16 ஜிபி ரேமும் செயலியில் நான்கு கோர்களும் உள்ள கணினிகளுக்கும் வழி திறந்தது. வட்டில் 22 ஜிபி காலியிடம் இருக்க வேண்டும். இறக்கிய பிறகு காலியிடம் 10 ஜிபிக்குக் கீழே போனால் உலாவி மாதிரியை நீக்கிவிடும்.

நிரலரின் வேலை இதற்குப் பிறகு வியப்பூட்டும் அளவுக்கு எளிது. புதிதாக எழுத ரைட்டர், இருப்பதை மாற்றி எழுத ரீரைட்டர், பிழை திருத்த ப்ரூஃப்ரீடர் எனத் தனித்தனி ஏபிஐகள், அதாவது பக்கத்தின் நிரல் உலாவியின் வசதியை அழைப்பதற்கான வழிகள், உள்ளன. மாதிரி இருக்கிறதா என்று பக்கம் முதலில் கேட்கும். ‘கிடையாது’, ‘இறக்கலாம்’, ‘இறங்கிக்கொண்டிருக்கிறது’, ‘தயார்’ என்ற நான்கு விடைகளில் ஒன்று வரும். இறக்க வேண்டியிருந்தால், பயனர் ஏதேனும் ஒன்றைச் சொடுக்கியிருக்க வேண்டும். பக்கம் திறந்தவுடன் ஆளைக் கேட்காமல் சில ஜிபியை இழுத்துப் போட உலாவி விடாது. அடுத்து ரீரைட்டரிடம் மூன்று விவரங்கள் சொல்லப்படும்: தொனி ‘இன்னும் முறையாக’ வேண்டுமா ‘இன்னும் இயல்பாக’ வேண்டுமா, நீளம் கூட வேண்டுமா குறைய வேண்டுமா, வெறும் உரையா, தலைப்பு, தடித்த எழுத்து போன்றவற்றைச் சிறு குறிகளால் காட்டும் மார்க்டவுனா. ‘இது வாடிக்கையாளர் புகார்’ என்பது போன்ற பின்னணியையும் ஒரு வரியில் சேர்க்கலாம். விடை மொத்தமாக வரும்வரை காத்திராமல், துளித்துளியாக வர வரவே பெட்டியில் காட்டவும் முடியும்.

மாதிரிக்கான கட்டளை வாக்கியம் எதையும் இங்கே நிரலர் எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எனக்கு இந்த ஏற்பாட்டின் உயிர்நாடியாகப் படுவது அதுதான். என்ன வேண்டும் என்பதை மட்டும் பக்கம் சொல்கிறது. அதை எந்த மாதிரியிடம் எந்தச் சொற்களில் கேட்பது என்பதை உலாவி முடிவு செய்கிறது. அதனால்தான் மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதம் இதே ஏபிஐகளை எட்ஜ் உலாவியின் சோதனைப் பதிப்புகளில், 380 கோடி எடைகள் கொண்ட தனது ஃபை-4-மினி மாதிரியைக் கொண்டு தர முடிந்தது. நிரலை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இந்த வசதிக்கு விலை உண்டு. ஒரே நிரல், ஒரே புகார், ஒரே ‘இன்னும் முறையாக’. க்ரோமில் ஒரு கடிதமும் எட்ஜில் வேறொரு கடிதமும் வரும். ஒரு பொத்தானின் நிறம் இரு உலாவிகளில் வேறுபட்டால் அதைப் பிழை என்று புகார் செய்யலாம். இரண்டு நல்ல கடிதங்களில் எது பிழை என்று யார் சொல்வது? வலைத் தரநிலைகளைப் பொறுத்தவரை இது புதுமாதிரியான தலைவலி.

இன்னொரு நுட்பமான சிக்கல் அந்த நான்கு விடைகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மாதிரி ஒருமுறை இறங்கினால் எல்லாத் தளங்களுக்கும் பொதுவாகும். அப்படியானால், ‘தயார்’ என்ற விடையிலிருந்தே இவர் வேறெங்கோ இந்த வசதியைப் பயன்படுத்தியவர் என்று ஒரு தளம் ஊகித்துவிட முடியும். இதே வரிசையில் உள்ள மொழிபெயர்ப்பு ஏபிஐயில் இந்தச் சிக்கல் மேலும் கூர்மையானது, ஏனெனில் எந்த மொழிகள் இறங்கியுள்ளன என்பதே ஒருவரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். ஆகவே க்ரோம் ஒரு சிறு பொய் சொல்கிறது: ஒரு தளம் குறிப்பிட்ட மொழி இணையைத் தானே கோரிப் பெறும்வரை, அது ஏற்கெனவே கணினியில் இருந்தாலும் ‘இறக்கலாம்’ என்றே பதில் தரும். பதிவிறக்க முன்னேற்றமும் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட விகிதமாக மட்டுமே தெரியும். மொத்தம் எத்தனை பைட்டுகள் என்று பக்கத்துக்குச் சொல்லப்படாது.

2025 ஜூனில் வெளியான க்ரோம் 138இல் மொழிபெயர்ப்பு ஏபிஐயும் உரையைச் சுருக்கும் ஏபிஐயும் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தன; ரைட்டரும் ரீரைட்டரும் அப்போது பதிவு செய்துகொண்ட தளங்களுக்கான சோதனை நிலையில் இருந்தன. க்ரோம் 140 முதல் ஜெமினி நானோவின் மொழிகள் ஆங்கிலம், ஸ்பானியம், ஜப்பானியம் என மூன்றாயின. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை; மொழிபெயர்ப்பு ஏபிஐயின் பட்டியலில் இருக்கிறது. தமிழ்ப் புகாரை ஆங்கிலமாக்கி, திருத்தி, மறுபடியும் தமிழாக்கலாமே என்று ஒரு நிரலருக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் தமிழில் தொனி பெரும்பாலும் வினைச்சொல்லின் ஈற்றில் இருக்கிறது. ‘பணத்தைத் திருப்பிக் கொடு’, ‘கொடுங்கள்’, ‘கொடுத்துதவ வேண்டுகிறேன்’ ஆகியவற்றுள் முதல் இரண்டும் ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒரே வினையாகிவிடுகின்றன. திரும்பி வரும்போது எந்த ஈற்றை ஒட்டுவது என்பதை, புகார் எழுதியவரை அறியாத மொழிபெயர்ப்பு மாதிரி தானே தேர்ந்துகொள்கிறது.