லோய்லு: சௌனாவின் ஆவி

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சின்கியில், ஹெர்னேசாரி கடற்கரையில் 2016இல் திறக்கப்பட்ட பொதுச் சௌனாவுக்கு, அதாவது சூடேற்றிய அறையில் உட்கார்ந்து வியர்க்கும் குளியலிடத்துக்கு, ‘லோய்லு’ என்று பெயர். அச்சொல்லின் உயிரொலிகளுக்குத் தமிழில் எழுத்தில்லை. இங்கே எழுதியிருப்பது ஏறத்தாழத்தான். அடுப்பின் மேல் குவித்த கற்கள் நன்றாகக் காய்ந்திருக்கையில் அகப்பையால் தண்ணீரை மொண்டு வீசினால், சுர்ரென்று கிளம்பிக் கூரையைத் தொட்டு, பலகையில் உட்கார்ந்திருப்பவரின் தோளில் இறங்குகிறதே, அதுதான் லோய்லு. அறையின் சூட்டுக்கு அந்தப் பெயர் கிடையாது.

இச்சொல்லின் பழைய பொருள் மூச்சு, உயிர் என்பதாகும். ஹங்கேரிய மொழியில் ஆன்மாவைக் குறிக்கும் ‘லேலெக்’ இதற்கு உறவுச் சொல். இட்லிப் பானையில் எழுவதையும், இறப்பவரின் உடலை விட்டுப் பிரிவதையும், கிறித்தவர்கள் பரிசுத்தம் என்று போற்றுவதையும் ஒரே சொல்லால் சுட்டும் தமிழருக்கு இதில் வியப்பில்லை. லோய்லுவுக்கு நேரான தமிழ்ச் சொல் ‘ஆவி’. புதிதாக ஒன்றை ஆக்க வேண்டியதில்லை.

சிக்கல் ‘சௌனா’ என்னும் சொல்லில்தான் இருக்கிறது. இதுவும் பின்னிய மொழிச் சொல்லே. இதை ‘நீராவிக் குளியல்’ என்று பெயர்ப்பது பொருந்தாது என்பது என் கருத்து. துருக்கியக் குளியலறை போன்ற ஈரப்புழுக்கமான இடங்களுக்கே அப்பெயர் தகும். அவை கல்லும் ஓடும் பதித்தவை. சௌனாவோ எண்பது, தொண்ணூறு பாகை செல்சியசு வரை காயும் வறண்ட அறை. தண்ணீர் வீசும்போது மட்டும் சிறிது நேரம் ஈரம் பரவும். அந்தச் சூட்டில் கல் திண்ணையில் வெற்றுடம்போடு உட்கார முடியாது. மரம் வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால் மரப்பலகையில் உட்காரலாம். அதிலும் பிசின் கசியாத மரமாகப் பார்த்துப் பலகை இழைப்பார்கள். ‘நீராவி’ என்று எழுதிவிட்டால், அந்த அறை ஏன் மரத்தால் ஆனது என்பதே விளங்காமல் போகிறது.

நம்மிடம் ‘வேது’ என்னும் சொல் உண்டு. வெதுவெதுப்பு, வெதும்பு ஆகியவற்றுக்கு இனமான இச்சொல், சளிக்கு வேது பிடிப்பதில் இன்னும் உயிரோடிருக்கிறது. மலையாளத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றும் வெந்நீர்க் குளியல் ‘வேதுகுளி’. பின்லாந்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் பெண்கள் பெரும்பாலும் சௌனாவில்தான் பிள்ளை பெற்றார்கள் என்பதை எண்ணும்போது இச்சொல்லின் பொருத்தம் கூடுகிறது. ஆகவே சௌனாவை ‘வேதறை’ என்றும், ஊருக்குப் பொதுவானதைப் ‘பொது வேதறை’ என்றும் வழங்கலாம்.

ஹெல்சின்கியின் அந்தப் பொது வேதறையை வடிவமைத்தது அவந்தோ என்னும் கட்டடக்கலை நிறுவனம்; அவந்தோ என்றால், குளிர்காலத்தில் முங்கி எழுவதற்காக உறைபனியில் வெட்டும் துளை. சூடான அறைகளைச் சுற்றி ஏறத்தாழ 4,000 பைன் பலகைகளைச் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள். இந்த மரப்போர்வையின் இடுக்குகள் வழியே உள்ளிருப்பவருக்குக் கடல் தெரியும். கரையில் நடப்பவருக்கு உள்ளிருப்பவர் தெரியமாட்டார். மரம் பொறுப்பாகப் பேணப்பட்ட காடுகளிலிருந்து வந்தது என்பதற்கான எஃப்.எஸ்.சி. சான்றும் கட்டடத்துக்கு உண்டு. பலகைகளுக்குச் சாயம் பூசவில்லை. வெயிலும் கடற்காற்றும் பட்டு அவை கரைப்பாறையின் சாம்பல் நிறத்துக்கு மாறுகின்றன. அவை உளுத்துப்போகாதிருக்க வேதிப்பொருள் ஏற்றுவதற்குப் பதிலாக, ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் நீராவியின் பாதுகாப்போடு மரத்தை வாட்டி எடுக்கிறார்கள். அதன்பின் மரம் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. இதற்கும் வேறு பெயர் தேட வேண்டாம்: வேது பிடித்த மரம்.