பெயரா, செக்ரோல் நம்பரா?

கோத்தகிரிப் பக்கம் சாயங்காலம் இலை எடை போடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால், "நாற்பத்தேழு, பதினெட்டு கிலோ" என்று நம்பராகத்தான் காதில் விழும். ஒரே தோட்டத்தில் நான்கு லட்சுமி இருக்கலாம். செக்ரோல் எனப்படும் தொழிலாளர் பதிவேட்டில் 47 ஒருவர்தான்.

சின்னக் கருவிகளுக்குள் ஓடும் இயங்குதளங்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. மென்பொருள் முழுவதையும் ஒரே கட்டியாக வைக்காமல், ஒரு பகுதியைத் தனி லைப்ரரியாக்கி, வேண்டும்போது ஏற்றிக்கொள்ளலாம். எங்கள் மலையில் இதற்கு அருமையான காரணம் இருக்கிறது: சிக்னல். ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டினால் டவர் போய்விடும். 400 கேபி மென்பொருளை முழுசாக அனுப்புவதைவிட, சென்சாருக்கான 6 கேபி லைப்ரரியை மட்டும் அனுப்புவது எவ்வளவோ மேல். ஆனால் அது நினைவகத்தில் எங்கே போய் உட்காரும் என்று முன்கூட்டித் தெரியாது. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனின், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டின், முகவரியையும் ஏற்றிய பிறகுதான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது லோடர். அது தேடும் பெயர்தான் சிம்பல்.

லினக்ஸ் இயங்குதளம் பெயரை வைத்தே தேடுகிறது. அதன் நிரல்களும் லைப்ரரிகளும் இருக்கும் வடிவமான ஈஎல்எஃப்பில், 32 பிட் கோப்பு என்றால், ஒரு சிம்பலுக்கு 16 பைட் பதிவு, அதற்கு மேல் பெயரின் எழுத்துகள். 'ரீட்_ஹ்யூமிடிட்டி' என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் 13 எழுத்து, முடிவைக் காட்ட ஒரு பைட், ஆக மொத்தம் 30. இப்படி 500 ஃபங்ஷன் இருந்தால் 15,000 பைட் பெயர்ப் பட்டியலுக்கே போய்விடும். நம் கையில் இருக்கும் ஃபோனுக்கு இது தூசு. 64 கேபி நினைவகம் உள்ள சில்லுக்கோ கிட்டத்தட்ட கால் பங்கு.

நேரமும் போகும். வரிசையாக ஒப்பிட்டால் ஒரு பெயருக்குச் சராசரியாக 250 ஒப்பீடு. அதனால்தான் பெயரை ஹாஷ் என்னும் எண்ணாக மாற்றி, அந்த எண்ணுக்கு உரிய சிறு கூட்டத்தில் மட்டும் தேடுகிறார்கள். 2006இல் வந்த குனு ஹாஷ் முறையில் முன்வாசலிலேயே ஒரு சல்லடையும் உண்டு. "இங்கே இல்லை" என்று அது சொன்னால் நிச்சயம் இல்லை. "இருக்கலாம்" என்றால் மட்டும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

பழைய நோக்கியா ஃபோன்களில் ஓடிய சிம்பியன் இயங்குதளம் பெயர்களையே தூக்கிவிட்டது. லைப்ரரிக்குள் வெறும் முகவரி வரிசைதான். மூன்றாவது வேண்டுமா, மூன்றாவது முகவரியை எடு. தேடல் என்பதே இல்லை. 500 ஃபங்ஷனுக்கு 2,000 பைட் போதும். ஆனால் ஒரு கண்டிப்பு: ஒருமுறை கொடுத்த எண்ணை எந்தக் காலத்திலும் மாற்றக் கூடாது. டெஃப் என்ற கோப்பில் எண்களை உறையவைத்துவிடுவார்கள். ஒரு ஃபங்ஷனை நீக்கினாலும் அதன் இடம் காலியாகவே நிற்கும்.

அந்தக் கண்டிப்பு எதற்கு என்று ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் புரிந்துகொண்டேன். இலை வாட்டும் அறையில் நாங்கள் வைத்த கருவியும் எண் முறையில்தான் ஓடியது. யாரும் பயன்படுத்தாத இரண்டாவது ஃபங்ஷனை நீக்கிவிட்டுப் புது லைப்ரரியை அனுப்பினேன். மறுநாள் காலை, தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஃபோன் செய்தார்: "சார், ரூம் 81 டிகிரின்னு காட்டுது. நான் ஸ்வெட்டர் போட்டுட்டு நிக்கிறேன்." அந்த 81 ஈரப்பதத்தின் சதவீதம். மூன்றாவதாக இருந்த வெப்பநிலை இரண்டாவது இடத்துக்கு ஏறியிருந்தது. நான்காவதாக இருந்த ஈரப்பதம் மூன்றாவதாகியிருந்தது. 46ஆம் நம்பர் ஓய்வு பெற்றதும் கீழே உள்ளவர்களை ஒவ்வொரு படி மேலே ஏற்றி எழுதினால், 48 பறித்த இலை 47இன் கணக்கில் ஏறுமே, அதேதான். கருவி நின்றுபோயிருந்தால்கூட உடனே தெரிந்திருக்கும். நிற்காமல் தப்பான எண்ணைக் காட்டிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி செஃபிர் இயங்குதளத்தில் இருக்கிறது. லைப்ரரி ஏற்றும் வசதி அதில் 2023இல் வந்தது. பெயருக்குப் பதிலாக, பெயரிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் எண்ணை மட்டும் பட்டியலில் வைக்கும் வழியும் அங்கே உண்டு. ஒரு ஃபங்ஷனை நீக்கினாலும் மற்றவற்றின் எண் நகராது, ஏனென்றால் எண் பெயரிலிருந்து பிறக்கிறது, வரிசையிலிருந்து அல்ல. பட்டியலை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டால் பாதி பாதியாகக் குறைத்துத் தேடலாம். 500இல் ஒன்றைப் பிடிக்க அதிகபட்சம் 9 ஒப்பீடு. எனக்குப் பிடித்த வழி இதுதான்.

ஆனாலும் இதற்கும் எட்டாத ஒன்று உண்டு. வெப்பநிலையை டிகிரியில் கொடுத்த ஃபங்ஷன், அதே பெயரில், பத்தில் ஒரு டிகிரிக் கணக்கில் கொடுக்க ஆரம்பித்தால் 19 என்பது 190 ஆகிவிடும். பெயர் சரி, எண் சரி, ஹாஷும் சரி, பொருள் மட்டும் வேறு. அதனால் இப்போது எங்கள் லைப்ரரிகள் எல்லாவற்றிலும் முதல் இடத்தில் ஒரு பதிப்பு எண் இருக்கிறது. லோடர் முதலில் அதைப் படிக்கும். பொருந்தவில்லை என்றால் புதியதை ஏற்றாது, பழையதே ஓடும்.