புரொபேட் என்பது எந்தக் காகிதம்?

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இறந்தவர் பெயரில் உள்ள நிலத்தை விற்க முனையும் குடும்பத்திடம், வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியின் வழக்கறிஞர் "புரொபேட் வாங்கியாயிற்றா?" என்று கேட்க, குடும்பத்தினர் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழை எடுத்து நீட்டுவது வழக்கமாக நடக்கிற ஒன்று. கேட்டது ஒன்று, கொடுத்தது வேறொன்று. வாரிசுச் சான்றிதழ், இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று வருவாய்த் துறை சொல்வது. புரொபேட், இறந்தவர் எழுதிவைத்த உயில் உண்மையானது என்று நீதிமன்றம் சொல்வது. உயிலே எழுதாமல் ஒருவர் இறந்திருந்தால் அங்கே புரொபேட் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாரிசுகள் எல்லாரும் சேர்ந்து கையெழுத்திட்டு விற்கலாம், அல்லது பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ எழுதி ஒருவர் பெயருக்குக் கொண்டுவந்தபின் விற்கலாம்.

சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ள 'புரோபாரே' என்னும் வினை. சோதித்துப் பார்த்தல், தகுதியானது என்று காணல், மெய்யென்று நிறுவுதல் ஆகிய மூன்றும் அதன் பொருள்கள். அரசு வேலையில் சேர்ந்தவர்கள் கடக்கும் 'புரொபேஷன்' இதே வேரிலிருந்து வந்ததுதான். அதைத் தகுதிகாண் பருவம் என்று தமிழாக்கியவர்கள் வேர்ப்பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் உயிலை மெய்ப்பிக்கும் அதிகாரம் நெடுங்காலம் திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தது. 1857ஆம் ஆண்டுச் சட்டம் அதை அவற்றிடமிருந்து எடுத்து அரசின் நீதிமன்றத்திடம் கொடுத்தது. நம் நாட்டில் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இச்சொல்லுக்குத் தரும் வரையறையில் இரண்டு கூறுகள் உள்ளன. அதிகாரமுள்ள நீதிமன்றத்தின் முத்திரையோடு சான்றளிக்கப்பட்ட உயிலின் நகல் என்பது ஒன்று. எழுதியவரின் சொத்துகளை நிர்வகிக்கும் உரிமையும் அதனோடு சேர்த்து வழங்கப்படுவது மற்றொன்று. ஆகவே புரொபேட் என்பது உயிலைப் பற்றி எழுதப்பட்ட தனிச் சான்றிதழ் அன்று. நீதிமன்ற முத்திரை பெற்று, நிர்வகிக்கும் உரிமையையும் சுமந்து வரும் உயிலின் நகலே அது.

இதற்கு 'உயில் சான்றிதழ்' என்று எழுதுவோர் உண்டு. அது போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான உயிலின் சான்றிட்ட நகலையும் மக்கள் அப்படியே சொல்கிறார்கள். 'உயில் மெய்ப்பிதழ்' என்ற சட்டத் தமிழ்ச் சொல்லே பொருத்தமானது. மெய்ப்பித்தல் என்ற செயலும், இதழ் என்ற ஆவணமும் அதில் இருக்கின்றன. உயில் என்பதே 'வில்' என்ற ஆங்கிலச் சொல் தமிழ் நாவில் பெற்ற வடிவம்தான் என்பதால் 'விருப்பாவணம்' என்று மாற்றி எழுதுவோரும், பழைய 'மரண சாசனம்' என்பதை எடுப்போரும் இருக்கிறார்கள். ஆனால் பாலக்கோட்டிலும் ஊத்தங்கரையிலும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற சொல்லாக உயில் ஆகிவிட்டபின் அதைத் துரத்துவதில் பயன் இல்லை என்றே நினைக்கிறேன்.

பதிவுக்கும் மெய்ப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் "ரிஜிஸ்டர் ஆன உயில்தானே, இனி என்ன?" என்ற கேள்வியில்தான் பெரும்பாலான குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. முத்திரைத்தாளில்தான் எழுத வேண்டும் என்றும் சொல்லவில்லை. எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ இட்டிருக்க வேண்டும். இரண்டு சாட்சிகளேனும் அதைக் கண்டோ, அவர் தாம் கையெழுத்திட்டதை ஒப்புக்கொள்ளக் கேட்டோ, அவர் முன்னிலையில் தாமும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். நம் பக்கத்து ஆவண எழுத்தர்கள் எழுதும் உயில்கள் "நான் நல்ல சுயநினைவோடும் பூரண அறிவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதி வைத்த உயில் சாசனம் என்னவென்றால்" என்று தொடங்கும். அந்த வரி காகிதத்தில் இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. எழுதியவருக்கு அன்று நினைவு இருந்தது, அவரை யாரும் வற்புறுத்தவில்லை என்பதைச் சாட்சி ஒருவர் வந்து சொல்ல வேண்டும். கையொப்பமிட்ட சாட்சிகளில் ஒருவர் உயிரோடு இருந்து சாட்சி சொல்லக்கூடிய நிலையில் இருந்தால், அவரை அழைத்து விசாரிக்காமல் உயிலைச் சான்றாக ஏற்கக் கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 68ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் அது 67ஆம் பிரிவு. எழுதுபவரைவிட வயதில் மூத்தவர்களையே மரியாதை கருதிச் சாட்சியாகப் போடும் ஊர் வழக்கம் இந்த இடத்தில்தான் இடிக்கும்.

இன்னொரு நுட்பம் உண்டு. மெய்ப்பிதழ், உயிலில் நிறைவேற்றாளராக, அதாவது உயிலில் சொன்னபடி செய்து முடிக்கும் பொறுப்பாளராக, நியமிக்கப்பட்டவருக்கு மட்டுமே வழங்கப்படும். நம் மாவட்டங்களில் எழுதப்படும் உயில்கள் பலவற்றில் அப்படி ஒருவரே இருப்பதில்லை. "என் ஆயுளுக்குப் பின் மேற்படி சொத்தை என் இளைய குமாரன் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று முடிந்துவிடும். அத்தகைய உயிலைக் கொண்டு நீதிமன்றம் போனால் கிடைப்பது 'உயில் இணைத்த நிர்வாக உரிமை ஆவணம்'. பேச்சு வழக்கில் இரண்டையும் புரொபேட் என்றே சொல்கிறார்கள், ஆனால் விற்பனை என்று வரும்போது வேறுபாடு கடுமையானது. நிறைவேற்றாளர், உயிலில் தடை ஏதும் இல்லாதவரை, சொத்தை விற்கும் அதிகாரம் உடையவர். நிர்வாகியாக நியமிக்கப்பட்டவரோ நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் அசையாச் சொத்தை விற்கக் கூடாது. விற்றால், அச்சொத்தில் அக்கறை உள்ள எவரும் அந்தக் கிரையத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 307ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய வரி இதுவே.

மெய்ப்பிதழ் கட்டாயமா என்ற கேள்விக்கு விடை, உயில் எழுதப்பட்ட இடத்தையும் சொத்து இருந்த இடத்தையும் பொறுத்திருந்தது. 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் வங்காளத்துக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் போட்ட எல்லையை 1925ஆம் ஆண்டுச் சட்டமும் தன் 57, 213ஆம் பிரிவுகளில் வைத்துக்கொண்டது. அதன்படி ஓர் இந்து சென்னை நகருக்குள் உயில் எழுதியிருந்தாலோ, அவருடைய அசையாச் சொத்து சென்னை நகருக்குள் இருந்தாலோ, மெய்ப்பிதழ் இல்லாமல் நீதிமன்றத்தில் அந்த உயிலைக் காட்டி உரிமை கோர முடியாது. அரூரில் எழுதி அரூர் நிலத்தையே பேசும் உயிலுக்கு இந்தக் கட்டாயம் இருந்ததே இல்லை. ஆனால் அதே அரூர்க்காரர் சென்னையில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது அங்கேயே எழுதிவைத்தால் கட்டாயம் ஒட்டிக்கொண்டது. இஸ்லாமியர்களுக்கு 213ஆம் பிரிவு பொருந்தவில்லை; 2002இல் இந்தியக் கிறித்தவர்களுக்கும் விலக்கு வந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல், திருத்தச் சட்டம் 213ஆம் பிரிவையே எடுத்துவிட்டது. மெய்ப்பிதழ் பெறும் வழி அப்படியே இருக்கிறது. பெற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம்தான் போயிற்று. பழைய சட்டத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் வங்கிக் குறிப்புகள் மாறச் சில காலம் ஆகும்.

கட்டாயம் இல்லை என்றால் யாரும் ஏன் வாங்க வேண்டும்? உடன்பிறந்தவர் ஒருவர் உயிலை ஒப்புக்கொள்ளாமல் பட்டா மாறுதலுக்கு ஆட்சேபம் தெரிவிக்கும்போதும், ஓசூர்ப் பக்கத்து மனை போல விலை ஏறிய சொத்தை வாங்குபவர் பின்னாளைய வழக்குக்கு அஞ்சும்போதும் இது கைகொடுக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் அசல் மனு (ஒரிஜினல் பெட்டிஷன்) போட வேண்டும், "ஓ.பி. போட்டிருக்கிறோம்" என்று மக்கள் சொல்வது இதைத்தான். இறந்து ஏழு நாள் கழியாமல் மெய்ப்பிதழ் வழங்கக் கூடாது, நிர்வாக உரிமை ஆவணமாக இருந்தால் பதினான்கு நாள். நெருங்கிய உறவினர்களுக்கு அறிவிப்புப் போகும், நாளிதழிலும் விளம்பரம் வரும். எவரேனும் எதிர்த்து நின்றால் மனு வழக்காக மாறி, சாட்சி விசாரணை முழுவதும் நடக்கும்.

இத்தனைக்கும் பிறகு கையில் வரும் மெய்ப்பிதழ், சொத்து யாருடையது என்பதைத் தீர்மானிப்பதில்லை. உயில் உண்மையா என்பதோடு அந்த நீதிமன்றத்தின் வேலை முடிந்தது. காவேரிப்பட்டினத்தில் பூர்வீக மாந்தோப்பு முழுவதையும் தகப்பனார் ஒரே மகனுக்கு உயில் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உயில் மெய்யாகவே அவர் எழுதியதுதான். ஆனால் 2005ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் மகள்களும் பிறப்பாலேயே கூட்டுப் பங்காளிகள் என்பதால், அவர் தம் பங்கை மட்டுமே உயிலால் கொடுக்க முடியும். மெய்ப்பிதழைக் காட்டித் தோப்பு முழுவதையும் மகன் கிரையம் செய்தால் மகள்கள் பாகம் கேட்டுத் தனியே வழக்குப் போடலாம். ஆகவே வாங்குபவரின் வழக்கறிஞர் மெய்ப்பிதழைப் பார்த்த கையோடு தாய்ப்பத்திரத்தைக் கேட்பது வீண் கெடுபிடி அன்று. சொத்து சுயார்ஜிதமா பூர்வீகமா என்பது அதில்தான் தெரியும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் இச்சொல்லை விரிந்த பொருளில் பேசுவார்கள். அங்கே உயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இறந்தவரின் சொத்தைக் கணக்கெடுத்து, கடன் தீர்த்து, விற்றுப் பங்கிடுவது வரை நீதிமன்றப் பார்வையில் நடக்கும் முழு நடைமுறைக்கும் புரொபேட் என்றுதான் பெயர். அந்தப் பொருளில் "அப்பா நிலத்துக்கு புரொபேட் போடு" என்று அவர்கள் தொலைபேசியில் சொன்னால், இங்கே அதற்கு 'சொத்தைத் தீர்த்துப் பங்கிடுதல்' என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். வங்கி வைப்பு, பங்குப் பத்திரம் போன்றவற்றுக்கு நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழும் (சக்சஷன் சர்டிபிகேட்) வேறு. அதைக் கொண்டு நிலத்தை விற்க முடியாது.

ஓசூர், தேன்கனிக்கோட்டைக் குடும்பங்களுக்கு இன்னொன்று. இங்கே நிலமும் பெங்களூரில் வீடும் வைத்திருந்தவரின் உயிலுக்கு மாவட்ட நீதிமன்றம் தரும் மெய்ப்பிதழ் தமிழ்நாட்டுக்குள் செல்லும். வெளிமாநிலத்திலும் செல்ல வேண்டுமானால், அங்குள்ள சொத்தின் மதிப்பு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் இல்லை என்று மாவட்ட நீதிபதி சான்றளிக்க வேண்டும் என்கிறது 273ஆம் பிரிவு. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள அந்தத் தொகை இன்று பெங்களூர் வீட்டின் வாசற்கதவுக்கும் காணாது. எனவே இரு மாநிலச் சொத்துகளையும் பேசும் உயிலானால், நாடு முழுவதும் செல்லும் மெய்ப்பிதழ் தரக்கூடிய உயர் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கும்.