ஐ.க்யூ 70-ஆ, 72-ஆ? சான்றிதழுக்கு வரும் பெற்றோருக்குச் சில விஷயங்கள்

"ஐ.க்யூ எவ்வளவு வந்தா மேடம் மாசப் பணம் கிடைக்கும்?"

ராமநாதபுரத்தில் அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழுக்காகப் பிள்ளையை என்னிடம் மதிப்பீட்டுக்குக் கூட்டி வரும் பெற்றோர் பலர் உட்கார்ந்ததும் கேட்கிற கேள்வி இது. கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகு கரையிலேயே கிடக்கும்போது, மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை ஒரு வீட்டுக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் ஐ.க்யூ (நுண்ணறிவு ஈவு) என்ற ஒரே எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த நினைப்பினாலேயே பல பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகிறது.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அறிவுசார் குறைபாட்டுக்கு இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தே வைத்திருக்கிறது. யோசிப்பது, கற்றுக்கொள்வது, ஒரு சிக்கலுக்கு வழி காண்பது ஆகியவற்றில் கணிசமான பின்னடைவு இருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கைக்குத் தேவையான திறன்களிலும் அதேபோல் பின்னடைவு இருக்க வேண்டும். முதலாவதைத்தான் ஐ.க்யூ சோதனை அளக்கிறது, 70 என்பதைத்தான் அங்கே கோடாக வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டாவதை அளக்க வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 2018 ஜனவரியில் வந்து 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, சான்றிதழில் போடும் சதவீதம் இந்த இரண்டாவது அளவுகோலின் மதிப்பெண்ணை வைத்துத்தான். 55 முதல் 69 வரை என்றால் 50 சதவீதம், 36 முதல் 54 வரை என்றால் 75 சதவீதம், 21 முதல் 35 வரை என்றால் 90, அதற்கும் கீழே 100. உதவித்தொகை உட்படப் பெரும்பாலான திட்டங்களுக்கு 40 சதவீதம் வேண்டும்.

இந்த அளவுகோலை எட்கர் டால் என்ற அமெரிக்க உளவியலாளர் 1935-இல் உருவாக்கினார். நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தவர் நாக்பூரில் இருந்த மாலின். மொத்தம் 89 அம்சங்கள். பிள்ளையிடம் எதுவும் கேட்பதில்லை, பிள்ளையை வளர்ப்பவரிடம்தான் எல்லாம் கேட்கிறோம். தானாகச் சாப்பிடுவானா, கழிப்பறைக்குத் தானே போவானா, சட்டைப் பட்டன் போடுவானா, தெருவுக்குத் தனியாகப் போய் வருவானா, காசு கொடுத்துப் பொருள் வாங்குவானா என்று போகும். சுருக்கமாகச் சொன்னால், உங்கள் பதில்தான் பாதிச் சான்று.

இங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது. அம்மாக்கள் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். "எல்லாம் செய்வான் மேடம், பேச்சுதான் கொஞ்சம் லேட்டு." குளிப்பானா என்றால் "குளிப்பான்." சோப்பு யார் போடுவது? "நான்தான்." தண்ணீர்? "அதுவும் நான்தான் ஊத்துவேன், அவன் நிப்பான்." கடைக்குப் போவானா? "போவானே, தினமும் போவான்." மீதிச் சில்லறை வாங்கி வருவானா? "கடைக்காரர் நம்ம சொந்தம்தான், அவரே பாத்துக் கையில வச்சு அனுப்பிருவாரு." முதல் பதிலோடு நிறுத்திக்கொண்டால் அந்தப் பையன் குளிக்கிறான், கடைக்குப் போகிறான் என்றுதான் எழுத வேண்டியிருக்கும். அடுத்த கேள்வி கேட்டதால்தான் அவனுக்குப் பத்து ரூபாய்க்கும் ஐம்பது ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாது என்பது வெளியே வந்தது. முகாமில் வரிசை நீளமாக இருக்கும் நாளில் எல்லோருக்கும் அந்த அடுத்த கேள்வி கேட்கப்படும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அதனால் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நம் கடற்கரை ஊர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் என எந்தக் குப்பத்தை எடுத்தாலும் இப்படி ஒரு பிள்ளையை ஊரே சேர்ந்து பார்த்துக்கொள்ளும். மாமன் வல்லத்தில் கூட்டிப் போவார், கயிறு இழுக்கச் சொன்னால் இழுப்பான், மீன் தரம் பிரிக்கும் இடத்தில் உட்கார வைத்தால் உட்காருவான். கருவாடு காயப்போடும் இடத்தில் காக்கை விரட்டுவான். பார்க்கிறவர்களுக்கு அவன் வேலைக்குப் போகிற இளைஞன். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், சொல்வது நின்றால் அவனும் நின்றுவிடுவான் என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. "வேலைக்குப் போறான்" என்று ஒரே வரியில் முடிக்காமல், யார் துணையில் போகிறான், துணை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கிறது. யாரோ டீக்கடையில் சொல்லிக் கொடுத்து, "ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லுங்க, அப்பதான் பர்சன்டேஜ் கூடப் போடுவாங்க" என்று தயார் செய்து அனுப்புகிறார்கள். பிள்ளையோ வந்ததும் செகுவின் பலகை என்ற சோதனைப் பலகையில் இருக்கும் 10 மரத்துண்டுகளையும் மளமளவென்று அதனதன் குழியில் போட்டுவிட்டு, அம்மாவின் போனை வாங்கி லாக் திறந்து வீடியோ பார்க்கத் தொடங்குகிறது. அப்புறம் நான் என்ன எழுதுவது? சொன்னதும் பார்த்ததும் ஒத்துப்போகவில்லை என்றுதான் அறிக்கையில் எழுத முடியும். திரும்ப ஒரு நாள் வரவேண்டியிருக்கும், உண்மையாகவே தகுதியுள்ள பிள்ளையின் மேலும் சந்தேகம் விழும்.

இன்னொன்று, செய்ய முடியாததும் செய்ய விடாததும் வேறு வேறு. பல வீடுகளில் பெண் பிள்ளையைத் தனியாகக் கடைக்கே அனுப்புவதில்லை. "போக மாட்டா" என்று சொல்லிவிடுகிறார்கள். அது வீட்டின் வழக்கமா, அவளால் முடியாததா என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள்.

சரி, ஐ.க்யூ பக்கம் வருவோம். பாரிஸில் 1905-இல் பினேயும் சிமோனும் முதல் அளவுகோலை உருவாக்கியது, பள்ளியில் யாருக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். அதன் வழியில் வந்த பினே-காமத் சோதனையும், 1969-இல் மாலின் உருவாக்கிய இந்தியக் குழந்தைகளுக்கான அளவுகோலும்தான் நம் ஊர்களில் இன்றும் அதிகம் புழங்குகின்றன. அரை நூற்றாண்டுக்கு முந்தைய பிள்ளைகளோடு இன்றைய பிள்ளையை ஒப்பிடுகிறோம் என்று அர்த்தம். தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண்கள் ஏறிக்கொண்டே போவதை ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் 1984-இல் அமெரிக்கத் தரவுகளை வைத்துக் காட்டினார். பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி. பழைய அளவுகோலில் அளந்தால் இன்றைய பிள்ளைக்கு எண் சற்றுக் கூடுதலாகவே விழும். அளவீட்டுப் பிழை வேறு இருக்கிறது, மேலே 5, கீழே 5 என்று வைத்துக்கொள்ளலாம். 72 என்றால் 67-ஆகவும் இருக்கலாம், 77-ஆகவும் இருக்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2014-இல், மரண தண்டனை தொடர்பான ஒரு வழக்கில், 70 என்ற கோட்டை இம்மியும் நகராத எல்லையாக வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. நம் ஊரில் 71 வந்ததும் "தகுதி இல்லையாம்" என்று அறிக்கையைக்கூடக் கேட்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

எண்ணைக் கீழே இழுக்கும் காரணங்களும் உண்டு. காது சரியாகக் கேட்காத பிள்ளை கேள்விக்குப் பதில் சொல்லாது. அதனால் காது, கண் பரிசோதனை முதலில் முடிந்திருக்க வேண்டும். வலிப்பு மாத்திரையில் தூங்கி வழிகிற பிள்ளை, சாயல்குடியிலிருந்தோ தொண்டியிலிருந்தோ விடிகாலை பஸ் ஏறி வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை, இவர்களைச் சோதித்து வரும் எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை. பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துக் கூட்டி வாருங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், என்ன மாத்திரை என்று மாத்திரை அட்டையைக் காட்டினால் போதும். பள்ளிக்கே போகாத பிள்ளைக்குச் சொல் சார்ந்த கேள்விகளில் மதிப்பெண் குறையத்தான் செய்யும், அதனால் கையால் செய்யும் பகுதிகளையும் சேர்த்துப் பார்க்கிறோம்.

ஆட்டிசம் இருந்தால் ஐ.க்யூ 100 இருந்தாலும் சான்றிதழ் உண்டு. அதற்கு 40 அம்சங்கள் கொண்ட தனி இந்திய அளவுகோல் இருக்கிறது, 70-க்குக் கீழ் ஐ.க்யூ வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. மனநோய் தீர ஏர்வாடி தர்காவுக்குப் போய் வந்ததையும் மறைக்க வேண்டாம். யாரும் திட்டப் போவதில்லை. ஆனால் மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு, இரண்டுக்கும் அளவுகோலும் வேறு.

எனக்கு மனம் ஒப்பாத இடம் ஒன்று இருக்கிறது. ஐ.க்யூ 70 முதல் 84 வரை உள்ள பிள்ளைகள். அன்றாடத் திறனும் அதே அளவில் இருந்தால் 25 சதவீதம்தான் வரும், 40-ஐ எட்டாது. கற்றல் குறைபாடு என்று போகலாமா என்றால், 2018 வழிகாட்டுதல் அதற்கு ஐ.க்யூ 85-க்கு மேல் இருக்க வேண்டும் என்றது. அங்கேயும் இடமில்லை, இங்கேயும் இடமில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது ஆசிரியர்கள் இந்தப் பிள்ளைகளைத்தான் அனுப்பி வைக்கிறார்கள், "எப்படியாவது ஒரு சர்டிபிகேட் குடுங்க" என்று. இல்லாத குறைபாட்டை எழுத முடியாது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு உதவியே தேவையில்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது. எளிய பாடத்திட்டமும் கூடுதல் நேரமும் சதவீதத்தைப் பார்க்காமல் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

வயது பற்றி: 5 வயதுக்குள் அறிவுசார் குறைபாடு என்று எழுத மாட்டார்கள், வளர்ச்சித் தாமதம் என்று தற்காலிகச் சான்றிதழ் தருவார்கள். 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18-இல் வாங்குவது ஆயுளுக்கும் செல்லும். அந்த வயதில்தான் சட்டப்படியான பாதுகாவலர் நியமனமும் வரும். 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவும், இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

மதிப்பீட்டுக்கு வரும்போது பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர் வர வேண்டும். அம்மா விடிந்ததும் பாசி எடுக்கக் கடலுக்குப் போய், அப்பத்தாதான் வளர்க்கிறார் என்றால் அப்பத்தாவைக் கூட்டி வாருங்கள். பள்ளி நோட்டுகள், பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த காகிதங்கள், பழைய அறிக்கைகள் எல்லாம் உதவும். காலையில் பல் துலக்குவது, சாப்பிடுவது, உடை மாற்றுவது இவற்றைச் சொல்லிக் கொடுக்காமல் அப்படியே போனில் எடுத்து வந்தால் இன்னும் நல்லது.

அறிக்கை கைக்கு வந்ததும் எண்ணை மட்டும் பார்த்து மடித்து வைக்காதீர்கள். எந்தச் சோதனை, எந்தத் தேதி, அன்றாடத் திறன் மதிப்பெண் என்ன, சோதித்தவரின் ஆர்.சி.ஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.க்யூ மட்டும் இருந்து மற்றது விடுபட்டிருந்தால் திரும்பப் போய்க் கேளுங்கள். சான்றிதழில் போட்ட சதவீதம் சரியில்லை என்று பட்டால் சட்டத்தின் 59 ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். அதோடு பழைய அறிக்கையின் நகலையும், வீட்டில் அவனுக்கு எதெதற்குத் துணை வேண்டியிருக்கிறது என்று எழுதிய ஒரு பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.